திருகோணமலையிலிருந்து அஃபிலியேட் மார்க்கெட்டிங்: எந்தத் துறையை எடுப்பது, எந்தப் பொருளைப் பரிந்துரைப்பது?

அஃபிலியேட் மார்க்கெட்டிங், அதாவது பிறர் விற்கும் பொருளைப் பரிந்துரைத்து விற்பனையில் ஒரு பங்கைக் கொமிஷனாகப் பெறும் தொழில், பற்றித் திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் மூன்று விடயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். கைத்தொலைபேசி, உடல் எடை குறைப்பு, சுற்றுலா ஆகிய மூன்றில் எந்தத் துறை கூடுதல் கொமிஷன் தரும். அமேசனில் சேர்வதா, டிஜிற்றல் பொருட்களுக்குப் பெயர்போன அஃபிலியேட் சந்தையான கிளிக்பாங்கில் சேர்வதா. தமிழில் மட்டும் எழுதினால் போதுமா. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, உண்மையில் நீங்கள் கேட்க வந்தது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. ஒரு மடிக்கணினியும் ஓரளவு இணைய வசதியும் வைத்துக்கொண்டு திருகோணமலையில் இருக்கும் ஒருவர், யாருக்கு எந்தப் பொருளைத் தெரிந்து பரிந்துரைக்கலாம், அதற்குரிய பணத்தைத் தன் வங்கிக் கணக்கில் எப்படிப் பெறலாம் என்பதே அந்தக் கேள்வி. அந்த ஒழுங்கிலேயே பதில் சொல்கிறேன். கொமிஷன் வீதம் இந்த ஒழுங்கில் கடைசியாகத்தான் வரும்.

நான் பல ஆண்டுகளாகச் சமையலறைப் பொருட்கள், கிழக்குக் கரைப் பயணம் ஆகிய இரண்டு துறைகளில் எழுதி வருகிறேன். இங்குள்ள சில இளைஞர்களுக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறேன். காசு கட்டிப் பேஸ்புக்கிலும் கூகிளிலும் விளம்பரம் போட்டு அஃபிலியேட் விற்பனை செய்யும் முறை என் தொழில் இல்லை. ஆகவே நான் சொல்வது எழுத்து, படம், காணொளி வழியாக வாசகரைச் சேர்த்து அவர்களுக்குப் பொருளைப் பரிந்துரைக்கும் முறைக்கு மட்டுமே பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. நம் ஊரில் அஃபிலியேட் என்றவுடன் ஆள் சேர்க்கும் சங்கிலி வியாபாரத்தை நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அமேசன் 1996ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டமும் அதன் பின் வந்த நூற்றுக்கணக்கான திட்டங்களும் இயங்கும் விதம் எளிமையானது. உங்களுக்கென்று அடையாளம் பதித்த ஓர் இணைப்பைத் தருவார்கள். அந்த இணைப்பின் வழியே சென்ற ஒருவர் குறித்த காலத்துக்குள் பொருளை வாங்கினால், விற்ற விலையில் ஒரு பங்கு உங்களுக்கு வரும். சேர்வதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, உங்களுக்குக் கீழே ஆள் சேர்க்க வேண்டியதும் இல்லை. 'முதலில் இந்தப் பொதியை வாங்குங்கள், பிறகு இரண்டு பேரைக் கொண்டு வாருங்கள்' என்று யாராவது சொன்னால் அது இந்தத் தொழில் அன்று. பிரமிட் முறைத் திட்டங்கள் இலங்கையின் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ்த் தடைசெய்யப்பட்டவை. அதில் சேர்ப்பவரும் குற்றவாளியாகலாம் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

இனித் துறைக்கு வருவோம். துறையைத் தேடுவதற்கு முன் வாசகரைத் தீர்மானியுங்கள் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் எதை விற்கலாம் என்பதை வாசகர் இருக்கும் நாடே பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. உங்களுக்கு எட்டக்கூடிய வாசகர்கள் நான்கு வகையினர். முதலாமவர் இலங்கையில் உள்ள தமிழர். அமேசனுக்கு இலங்கைக்கென்று ஒரு தளம் இல்லை. அங்கிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்து, சிறு பொருளின் விலை இரண்டு மடங்காகிவிடக்கூடும். ஆகவே இவர்களுக்கு நீங்கள் காட்டக்கூடிய கடை டராஸ் போன்ற உள்ளூர்த் தளமோ, உங்களுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் ஒரு வியாபாரியோதான். இரண்டாமவர் தமிழ்நாட்டு வாசகர். தொகையில் இவர்களே மிகப் பெரியவர்கள். ஆனால் இந்தியத் திட்டங்கள் பான் எனப்படும் வரி அடையாள இலக்கத்தையும் இந்திய வங்கிக் கணக்கையும் எதிர்பார்ப்பவை. வாசகர் வருவார், பணம் வராது. யூடியூப் 2024 ஒக்டோபரில் ஃபிளிப்கார்ட்டுடனும் மிந்த்ராவுடனும் இந்தியாவில் தொடங்கிய பொருள் இணைப்பு வசதியைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தால், அது இந்தியாவிலுள்ள சனல்காரர்களுக்கானது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாமவர் கனடா, பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா என்று பரந்திருக்கும் நம் புலம்பெயர்ந்த உறவுகள். இவர்கள் தமிழில் வாசிப்பார்கள், டொலரிலும் யூரோவிலும் வாங்குவார்கள். நான்காமவர் நம் ஊருக்கு வரத் திட்டமிடும் வெளிநாட்டுப் பயணிகள். அவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலும் இங்கேயே இருக்கிறது: மூன்றாம் வகையினருக்குத் தமிழ் போதும், நான்காம் வகையினருக்கு ஆங்கிலம் தவிர்க்க முடியாதது. இரண்டையும் ஒரே தளத்தில் கலப்பது இரு வாசகரையும் இழக்கும் வழி.

கொமிஷன் வீதம் ஏன் கடைசியில் வருகிறது என்பதைக் கணக்கொன்றால் காட்டுகிறேன். கணக்கில் வரும் வாசகர் தொகையும் வாங்குவோர் தொகையும் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. அவற்றை எதிர்பார்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கட்டுரையை 1,000 பேர் வாசிக்கிறார்கள், அவர்களில் 100 பேர் இணைப்பை அழுத்துகிறார்கள், 3 பேர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். பொருள் 25 டொலர் விலையுள்ள பிட்டுக்குழல். அமெரிக்க அமேசனின் சமையலறைப் பிரிவுக்கான வீதம் நூற்றுக்கு 4.5. மூன்று விற்பனைக்கும் சேர்த்து உங்களுக்கு வருவது ஏறத்தாழ 3 டொலர் 40 சதம். அதே மூவர் 200 டொலர் விலையுள்ள மாவரைக்கும் கிரைண்டரை வாங்கினால் 27 டொலர். வீதம் மாறவில்லை, வாசகர் தொகை மாறவில்லை. மாறியது பொருளின் விலை. இப்போது 75 வீதம் கொமிஷன் தருவதாகச் சொல்லும் ஒரு டிஜிற்றல் பொருளை எடுங்கள். அதை யாருமே வாங்காவிட்டால் வருவது பூச்சியம். இருவர் வாங்கி இருவருமே பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டால் அதுவும் பூச்சியம், மேலதிகமாக உங்கள் பெயரும் கெட்டுவிடும். ஆகவே ஒப்பிட வேண்டியது வீதத்தையன்று. இணைப்பின் ஓர் அழுத்தத்துக்கு, திருப்பிக் கொடுத்தவை கழிந்த பின், கையில் நிற்கும் தொகையை. அந்தத் தொகை விலை, வாங்கும் வாய்ப்பு, திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு, வீதம் ஆகிய நான்கின் விளைவு. இவற்றில் வீதம் ஒன்றுதான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடப்படுகிறது.

நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் கைத்தொலைபேசியை அதிகம் பேசாமல் கடந்துவிடலாம். வெளியான அன்றே கருவியைக் கையில் வைத்துக் காட்டும் தமிழ்நாட்டு யூடியூப்காரர்களுடன் உங்களால் போட்டியிட முடியாது. இலத்திரனியல் பொருட்களுக்கு அமேசனின் வீதம் தாழ்ந்தது. தொலைக்காட்சிக்கு 2, கணினிக்கு 2.5. போதாததற்கு, ஆறு மாதத்தில் மாதிரி பழையதாகி, எழுதியது எல்லாம் வீணாகும். இங்குள்ள வாசகரோ காணொளியைப் பார்த்துவிட்டு, தவணை முறையில் கொடுக்கும் கடையில் போய் வாங்கிக்கொள்வார்.

உடல் எடை குறைப்பைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கூடிய கொமிஷன் என்று தேடும் எவரையும் முதலில் இழுப்பது அந்தத் துறைதான். வாசகரின் உடல் நலத்தையும் பணத்தையும் தொடும் பக்கங்களைக் கூகிள் மற்றவற்றைவிடக் கடுமையான அளவுகோலால் மதிப்பிடுகிறது. மருத்துவப் பின்னணி இல்லாத ஒரு புதிய தளம் அங்கே மேலே வருவது மிகக் கடினம். இலங்கையில் மருந்துகளின் விளம்பரம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் வருகிறது; 'நீரிழிவைக் குணப்படுத்தும்' என்ற ஒரு வரியே உங்களைச் சிக்கலில் மாட்டிவிடலாம். இவை எல்லாவற்றையும் விட என்னைத் தடுப்பது வேறொன்று. ஒரு புட்டியில் உள்ள தூள் வேலை செய்கிறதா என்று உங்களால் சோதிக்க முடியாது. சோதிக்க முடியாததைச் சோதித்ததுபோல எழுத வேண்டியிருக்கும். அந்நியச் செலாவணி வர்த்தகச் செயலிகள், கிரிப்டோ, சூதாட்டத் தளங்கள் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். ஆளுக்கு ஆள் பெருந்தொகை தருகிறார்கள் என்றால் அந்தத் தொகை யாருடைய நட்டத்திலிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சுற்றுலாவில் உங்களுக்கு இயல்பான பலம் இருக்கிறது. ஆனால் 'சுற்றுலா' என்பது ஒரு துறை என்று சொல்ல முடியாத அளவுக்கு அகலமானது, 'இலங்கைச் சுற்றுலா' என்பதும் அப்படியே. எங்கே நறுக்குவது என்றால், பயணி பணம் கொடுப்பதற்குச் சற்று முன் எந்தச் சந்தேகத்தில் நிற்கிறாரோ அங்கே. தென்மேல் பருவக்காற்றால் மே முதல் செப்டெம்பர் வரை தெற்கு, மேற்குக் கரைகளின் கடல் கொந்தளிக்கும். அந்தக் காலத்தில் நிலாவெளியும் உப்புவெளியும் அமைதியாக இருக்கும். இது நமக்குச் சாதாரணச் செய்தி. ஐரோப்பாவில் யூலை மாத விடுமுறைக்கு இலங்கை வர எண்ணி, 'அது மழைக்காலமாமே' என்று தயங்கும் ஒருவருக்கு இதுவே பயணத்தைத் தீர்மானிக்கும் செய்தி. அதன் பின் அவர் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். திமிங்கிலம் பார்க்கப் போவதற்கு எந்த மாதம் நல்லது, காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறார்கள், சிறு பிள்ளையை ஏற்றுவார்களா, படகில் குமட்டல் வருமா. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாமலைத் தீவுக்குப் போக நுழைவுச்சீட்டை எங்கே எடுப்பது, படகுக் கூலியில் அது அடங்குமா, நீரில் மூழ்கிப் பார்க்கும் கண்ணாடியை வாடகைக்கு எடுக்கலாமா. கோணேசர் கோயிலுக்கு எந்த உடையில் போவது, கன்னியா வெந்நீரூற்றில் எந்நேரம் கூட்டம் குறைவு. இவற்றுக்குக் கொழும்பிலோ பேர்லினிலோ இருக்கும் எழுத்தாளர் எழுதும் பதில், கடற்கரைக்கு நடந்துபோய்ப் படகோட்டியிடம் கேட்டு நீங்கள் எழுதும் பதிலுக்கு ஈடாகாது.

வயட்டர், கெட்யுவர்கைட் போன்ற பயணத் தளங்கள் பொதுவாக 8 வீதம் அளவில் கொமிஷன் தருகின்றன. இணைப்பை அழுத்திய பின் ஏறத்தாழ 30 நாட்களுக்குள் பதிவு செய்தால் உங்கள் கணக்கில் சேரும். அமேசனில் அந்தக் காலம் 24 மணித்தியாலம் மட்டுமே; அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் 90 நாட்கள் வரை நீளும். பயணம் என்பது இன்று வாசித்து அடுத்த வாரம் முடிவெடுக்கும் காரியம் என்பதால் இந்த 30 நாள் பெரிய வித்தியாசத்தைத் தரும். ஆனால் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பயணம் நடந்து முடிந்த பின்னரே கொமிஷன் உறுதியாகும். கடல் பொங்கிப் படகு போகாவிட்டால் பயணிக்குப் பணம் திரும்பும், உங்கள் கொமிஷனும் அத்தோடு போய்விடும். வாடைக்காற்று தொடங்கி மழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை இந்தத் துறையில் ஏறத்தாழ வருமானமே இராது. இன்னொன்று, நம் ஊர்ச் சேவைகளில் மிகச் சிலவே அந்தப் பெரிய தளங்களில் பட்டியலிடப்பட்டுள்ளன. நல்ல படகோட்டி பட்டியலில் இல்லாமலும், சுமாரானவர் பட்டியலில் இருந்தும் தொலைக்கலாம். அப்படியிருந்தால் இணைப்பு இருக்கிறது என்பதற்காகச் சுமாரானவரைப் பரிந்துரைக்க வேண்டாம்.

இந்த இடைவெளிக்கு ஒரு வழி இருக்கிறது. ஏனோ பலர் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. விடுதிக்காரரிடமோ படகோட்டியிடமோ நேரே போய், உங்கள் பக்கத்தின் வழியாக வரும் பதிவு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். வாசகருக்கு ஒரு குறிச்சொல்லைக் கொடுத்து, அதைச் சொல்லிப் பதிவு செய்தால் சிறு கழிவு உண்டு என்று வைத்தால் எண்ணிக்கையும் தெளிவாகிவிடும். தொகை, எண்ணும் முறை, பதிவு இரத்தானால் என்ன, எந்த நாளில் கணக்குத் தீர்ப்பது என்ற நான்கையும் ஒரு தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தெரிந்த ஆள்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டால், பருவம் சூடுபிடித்தவுடன் நினைவு மங்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒரு துறையையும் முன்வைக்கிறேன், ஏனென்றால் தமிழில் மட்டும் எழுத விரும்பும் ஒருவருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்: வெளிநாட்டுச் சமையலறையில் நம் சமையல். ரொறொன்ரோவில் குடியேறிய ஒரு குடும்பம் தோசைக்கு மாவரைக்க ஒரு கிரைண்டர் வாங்க நினைக்கிறது. ஊரிலிருந்து கொண்டுபோனால் அங்கே ஓடாது, ஏனென்றால் இங்கே மின்னழுத்தம் 230 வோல்ற், கனடாவிலும் அமெரிக்காவிலும் 120. அங்கத்தைய மின்னழுத்தத்துக்கென்று, 110 வோல்ற் என்று குறித்துத் தனியாகச் செய்யப்பட்டதை வாங்க வேண்டும். இலண்டனிலோ பாரிசிலோ உள்ளவருக்கு மின்னழுத்தம் பொருந்தும், செருகி பொருந்தாமல் போகலாம். புதிய வீடுகளில் இன்டக்ஷன் அடுப்பு. அதில் அலுமினியப் பிட்டுக்குழலும், இடியப்பம் அவிக்கும் அலுமினியப் பானையும் சூடாகா. அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேலை செய்யும். துருவலையைப் பொருத்துவதற்கு மேசை விளிம்பு எவ்வளவு தடிப்பாக இருக்கலாம், நீத்துப்பெட்டிக்கு மாற்றாக எதை எடுக்கலாம், அப்பத் தாச்சியின் பூச்சு உரியுமா என்று கேள்விகள் வரிசையாக வரும். ஆங்கிலத் தளங்களில் இவற்றுக்கு ஆறுதலான பதில் அரிது. தமிழில் இன்னும் அரிது. கேட்பவர் கையில் பணத்தோடு நிற்கிறார், அமேசன் அவர் வீட்டு வாசலுக்கு வருகிறது. துறைக்கு வேண்டிய எல்லா இலக்கணமும் இதில் இருக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 110 வோல்ற் கிரைண்டரை நீங்கள் இங்கே ஓட்டிப் பார்க்க முடியாது. ஆகவே பாவித்துப் பார்த்ததாக எழுதாமல், எதை எப்படி அறிந்தீர்கள் என்று எழுதுங்கள்: தயாரிப்பாளரின் விவரப்பலகையில் உள்ள வோல்ற், வாற்று, கொள்ளளவு, அங்கே அதை வைத்திருக்கும் உறவினரின் சமையலறையில் எடுத்த படம், மூன்று மாதம் பாவித்த பின் அவர் சொன்ன குறை. பாத்திரம், அடுப்பு, உரல் போன்றவற்றை இங்கேயே சோதிக்கலாம்; இன்டக்ஷன் அடுப்பொன்று கொழும்பிலும் கிடைக்கும். கூகிள் 2021 ஏப்பிரலில் பொருள் மதிப்பீட்டுப் பக்கங்களுக்கென்று கொண்டுவந்த மாற்றத்திலிருந்து, சொந்தப் படமும் அளந்து பார்த்த விவரமும் உள்ள பக்கங்களுக்கே முன்னுரிமை தருவதாகச் சொல்லி வருகிறது. அது எப்போதும் அப்படியே நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். படமே இல்லாத பக்கங்கள் மேலே நிற்பதையும் பார்க்கிறோம். ஆனால் வாசகர் நம்பி அழுத்துவதற்குச் சொந்தப் படம் உதவுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எடுத்த துறை போதிய அளவு ஆழமானதா என்று சோதிக்க, தளம் அமைப்பதற்கு முன்பே ஒரு கொப்பியில் அந்தத் துறையில் வாங்குவோர் கேட்கும் முப்பது கேள்விகளை எழுதிப் பாருங்கள். உங்கள் கற்பனையிலிருந்து எழுத வேண்டாம். கூகிளிலும் யூடியூப்பிலும் பாதி சொல்லைத் தட்டினால் அவையே மீதியைக் காட்டும். புலம்பெயர்ந்தோரின் பேஸ்புக் குழுக்களில் கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. அமேசனில் பொருளின் கீழே வாங்கியவர்கள் எழுதியவை இருக்கின்றன. முப்பது தேறாவிட்டால் துறை மிக ஒடுங்கியது. முந்நூறு வந்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நின்றால் மிக அகலமானது. காசு கொடுத்து வாங்கும் தேடல் கருவிகள் தமிழ்ச் சொற்களுக்கு அடிக்கடி பூச்சியம் என்று காட்டும். அதை நம்பித் துறையைக் கைவிட வேண்டாம். நம்மவர்கள் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள், அது அந்தக் கருவிகளில் சிதறிப்போகிறது.

துறைக்குள் பொருளைத் தெரிவு செய்வதில் என் வழக்கம் இது. நல்ல மதிப்பீடுகளை வாசிப்பதில் நேரம் செலவிடுவதில்லை. ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை கொடுத்தவர்கள் எழுதியதை முழுதும் வாசிப்பேன். பலர் ஒரே குறையைச் சொன்னால், உதாரணமாகக் கிரைண்டரின் பட்டி அறுந்துவிடுகிறது என்றால், அது உண்மை. குறை ஏற்கத்தக்கதாக இருந்தால் அதைக் கட்டுரையிலேயே எழுதிப் பொருளைப் பரிந்துரைப்பேன். ஏற்க முடியாததாக இருந்தால் விட்டுவிடுவேன். அதன் பின் பார்ப்பது விற்பவர் யார், உதிரிப்பாகம் கிடைக்குமா, திருப்பிக் கொடுக்கும் விதி என்ன, கையிருப்பு நிலையாக இருக்கிறதா என்பவை. அடிக்கடி கையிருப்புத் தீரும் பொருளுக்கு எழுதிய கட்டுரை பாதி மாதம் வெறும் பக்கமாகவே கிடக்கும். கிளிக்பாங்கில் 'கிராவிட்டி' என்ற எண்ணைப் பார்த்துத் தெரிவு செய்யச் சொல்லும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடந்த 12 வாரங்களில் எத்தனை வேறுபட்ட அஃபிலியேட்டுகள் அந்தப் பொருளை விற்றார்கள் என்பதை ஒட்டிக் கணிக்கப்படும் எண் அது. விற்பவர் தொகையைக் காட்டுமே தவிரப் பொருளின் தரத்தையோ, எத்தனை பேர் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையோ காட்டாது. எண் உயர்ந்தால் போட்டியும் உயர்ந்திருக்கிறது என்றே பொருள். அமேசனா கிளிக்பாங்கா என்ற உங்கள் கேள்விக்கு, தொடக்கத்தில் அமேசன் என்பதே என் பதில். வாசகர் அறிந்த கடை, சோதித்துப் பார்க்கக்கூடிய பொருள் என்ற இரண்டு காரணங்களும் போதும்.

அமேசனில் சேர்வதானால் சில விதிகளை முன்கூட்டியே தெரிந்திருங்கள். சேர்ந்து 180 நாட்களுக்குள் மூன்று தகுதியான விற்பனை நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும். ஆகவே வாசகர் வரத் தொடங்கிய பின் விண்ணப்பியுங்கள். கனடாவில் உள்ள சித்தியிடம் சொல்லி உங்கள் இணைப்பில் வாங்கச் செய்யலாம் என்ற எண்ணம் எவருக்கும் வரும். உங்கள் சொந்தக் கொள்வனவும், நண்பர் உறவினருக்காகச் செய்யும் கொள்வனவும் கணக்கில் சேரா, அப்படிச் செய்வது கணக்கை இழக்கும் வழியும் ஆகும். விலையை நீங்களாகவே எழுதி வைக்கக் கூடாது, மாறிவிடும் என்பதால். மற்றவர்கள் அங்கே எழுதிய மதிப்பீடுகளைப் பிரதி செய்யக் கூடாது. அச்சுத் துண்டுப்பிரசுரம் போன்று இணையத்துக்கு வெளியே இணைப்பைப் பரப்பக் கூடாது. கனடா, பிரித்தானியா, ஜேர்மனி ஆகிய ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். ஒன்லிங்க் என்ற வசதியால் அவற்றை இணைத்துவிட்டால் வாசகர் தன் நாட்டுக் கடைக்கே போவார். 'இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குக் கொமிஷன் கிடைக்கும்' என்ற அறிவிப்பை, பக்கத்தின் அடியில் ஒளிக்காமல், இணைப்புக்கு அருகிலேயே தெளிவாக எழுதுங்கள். அமெரிக்க வணிக ஆணையம் கோருவதும் அதுதான், அமேசனின் ஒப்பந்தமும் அதைக் கேட்கிறது. கூகிளுக்காக இணைப்பில் 'ஸ்பொன்சர்ட்' என்ற அடையாளத்தையும் சேர்க்க வேண்டும்; 2019 செப்டெம்பரிலிருந்து அந்த வழக்கம் இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை எனக்கு உறுதியானவை. உறுதியில்லாதவற்றையும் பிரித்துச் சொல்கிறேன். கொமிஷன் வீதம் நிலையானது என்று எண்ண வேண்டாம். 2020 ஏப்பிரலில் அமேசன் தளபாட, வீட்டுத் திருத்தப் பொருட்களின் வீதத்தை 8இலிருந்து 3ஆகக் குறைத்தபோது, அந்தத் துறையையே நம்பியிருந்தவர்களின் வருமானம் ஒரே மாதத்தில் சரிந்தது. நான் மேலே தந்த வீதங்களையும் நீங்கள் சேரும் நாளில் அவர்களின் அட்டவணையில் ஒருமுறை சரிபாருங்கள். தேடலின் எதிர்காலமும் தெளிவில்லை. 2024 மே மாதம் முதல் அமெரிக்காவில் கூகிள், தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. 'இன்டக்ஷனில் அலுமினியம் வேலை செய்யுமா' போன்ற ஒற்றை வரிக் கேள்விகளுக்கு வாசகர் இனி உங்கள் பக்கம் வரை வராமலே போகலாம். ஒப்பிட்டுப் பார்த்து எழுதியவையும் பாவித்துக் காட்டும் காணொளிகளும் அதைத் தாக்குப்பிடிக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம் மட்டுமே. ஆகவே எழுத்தோடு நிறுத்தாமல், மாவு அரைபடுவதை, பிட்டு அவிவதைக் காட்டும் சிறு காணொளிகளையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காலத்தில் வருமானம் வரும் என்று கேட்டால் ஒரு மாதக் கணக்கைச் சொல்ல எவருக்கும் நியாயமில்லை. எட்டு, பத்து மாதம் எதுவும் வராமல் இருப்பது சாதாரணம். அந்தக் காலத்துக்கு வேறு வருமானம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

பணம் வந்து சேரும் வழியைத் துறையைத் தெரிவு செய்யும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். பேபால் இலங்கையில் நெடுங்காலம் பணம் அனுப்புவதற்கே பயன்பட்டது, பெறுவதற்கு உதவவில்லை. பேபால் வழியாக மட்டும் கொடுக்கும் திட்டங்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுவது பாதுகாப்பானது. அமேசன் பரிசு அட்டையாகவும் தரும். இங்கிருந்து அதைக் கொண்டு என்ன வாங்குவது? பயோனியர் போன்ற சேவை உங்கள் பெயரில் ஓர் அமெரிக்க வங்கிக் கணக்கிலக்கத்தைத் தரும். நேரடி வரவை அதில் பெற்று உள்ளூர் வங்கிக்கு மாற்றலாம். அமெரிக்கத் திட்டங்கள் வரி விவரம் கேட்கும்போது, வெளிநாட்டவருக்கான டபிள்யூ-8பென் படிவத்தைத் தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயர்ப்படியே நிரப்புங்கள். பெயர் ஓர் எழுத்து மாறினாலும் கொடுப்பனவு தேங்கும். இலங்கையில் 2025 ஏப்பிரல் முதலாம் திகதியிலிருந்து தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரிவிலக்கு உண்டு. வங்கி வழியாகக் கொண்டுவரப்படும் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு உச்ச வீதம் 15. அஃபிலியேட் கொமிஷன் உங்கள் நிலைமையில் எந்த வகைக்குள் வரும் என்பதை, தொகை வளரத் தொடங்கியதும், ஒரு கணக்காளரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அதில் என் சொல்லை ஏற்று நடக்க வேண்டாம்.

ஆகவே, ஆங்கிலத்தில் பிழையின்றி எழுத வருமானால், நீங்கள் உப்புவெளியில் இருப்பதால், மே முதல் செப்டெம்பர் வரையான கிழக்குக் கரைப் பயணத்தை எடுங்கள். பருவம் திறப்பதற்குக் குறைந்தது ஐந்து மாதம் முன்பே, அதாவது மழை நாட்களிலேயே, எழுதி முடித்திருக்க வேண்டும், ஏனென்றால் பயணிகள் விமானச் சீட்டு எடுக்கும் காலம் அது. தமிழில்தான் எழுத வரும் என்றால் வெளிநாட்டுச் சமையலறையை எடுங்கள். கைத்தொலைபேசியையும் எடை குறைப்பையும் விட்டுவிடுங்கள். உங்கள் ஆங்கிலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும், கனடாவிலோ ஐரோப்பாவிலோ தன் சமையலறையைப் படமெடுத்து அனுப்பக்கூடிய நெருங்கிய உறவினர் இருக்கிறார்களா என்பதையும் கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. அந்த இரண்டையும் எழுதினால், முதல் பத்துக் கட்டுரைகளுக்கு எந்தக் கேள்விகளை எடுப்பது என்பதை அடுத்த பதிலில் குறிப்பாகச் சொல்கிறேன்.